ரஷ்ய நாவல்களின் மனத்துயரம்: உழைக்கிறவனுக்கு அது அந்நியமானதா?

சுங்கை சிப்புட் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறேன். எங்கள் ஊரில் பன்னிரண்டு பேர் கொண்ட சிறிய வாசிப்பு வட்டம் ஒன்று உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை கோயில் மண்டபத்தின் பின்புறத்தில் கூடுவோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட காலத்தில் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுப் பட்டணத்து ஓரத்தின் மலிவுவிலை வீடுகளுக்கு வந்தவர்கள்.

கடந்த மூன்று மாதங்களாக தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை எம்.ஏ. சுசீலா அவர்களின் மொழிபெயர்ப்பில் படித்து வந்தோம். படிப்பைக் கைவிட்ட ஏழை மாணவன் ரஸ்கோல்னிகோவ், அடகு பிடிக்கும் கிழவி அல்யோனாவைக் கொல்லும் கதை அது. சென்ற கூட்டத்தில் எங்களில் மூத்தவரான ஐயா ஒருவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் மரம் சீவியவர், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இவ்வாறு கூறினார்: “நாங்கள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடினோம். இந்தப் பையன் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறான். யோசித்து யோசித்தே கெட்டுப் போகிறான். உழைக்கிறவனுக்கு இந்த நோய் வராது.” அவையில் பாதிப் பேர் தலையசைத்தார்கள். எனக்கு உடனே மறுமொழி சொல்லத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் அவருடைய அனுபவத்தை நான் அவமதித்ததாக ஆகியிருக்குமோ என்ற தயக்கமும் இருந்தது.

ஆனால் என்னை இந்த நாவலில் நிலைகுலையச் செய்த இடம் கொலை அன்று. அதற்கு முன்னால் வரும் தாயின் கடிதம். ஆண்டுக்கு 120 ரூபிள் ஓய்வூதியத்தை நம்பி வாழும் அந்த விதவைத் தாய், அந்த ஓய்வூதியத்தையே பிணையாக வைத்து 15 ரூபிள் கடன் வாங்கி மகனுக்கு அனுப்புகிறாள். பின்னல் வேலை செய்து கண்களைக் கெடுத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு இருபது ரூபிளுக்கு மேல் அவளுக்குக் கிடைப்பதில்லை. மகள் துனியா, தான் வேலை செய்த வீட்டில் 100 ரூபிள் முன்பணம் வாங்கியதே பெரும்பாலும் அண்ணனுக்கு 60 ரூபிள் அனுப்பத்தான் என்பதும், இப்போது அவள் மனம் ஒப்பாத லூஷின் என்பவனை மணக்க இசைந்திருப்பதும் அதே கடிதத்தில் வருகின்றன. கடிதத்தில் ஒரு கடுஞ்சொல்லும் இல்லை, முழுக்க அன்பு. நீதான் எங்களுக்கு எல்லாம், நீதான் எங்கள் நம்பிக்கை என்கிறாள் தாய். அதைப் படித்துவிட்டு அவன் முகம் கண்ணீரால் நனைந்திருப்பதாக தஸ்தயெவ்ஸ்கி எழுதுகிறார்.

எங்கள் குடும்பத்தில் இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போவதற்காக என் அம்மா தம் வளையல்களை அடகுக் கடையில் வைத்தார். அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆயினும் ஒவ்வொரு தேர்வு முடிவு வரும்போதும் அந்த வெறும் கைகள்தான் என் கண் முன்னால் நிற்கும். ஆகவே ரஸ்கோல்னிகோவின் துயரத்தைச் சோம்பேறியின் துயரம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஐயா சொன்னதைப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

என் கேள்வி இதுதான். இந்தப் பழைய ரஷ்யக் கதைகளில் வரும் மனவேதனை, மாந்தருக்குள்ளேயே பிறக்கும் நோயா, அல்லது சமூகம் வெளியிலிருந்து அழுத்தி உள்ளே இறக்கிவிட்டதா? எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகள் இவற்றை எந்தப் பக்கத்திலிருந்து அணுக வேண்டும்? அடுத்த மாதம் நீண்ட நாவல் வேண்டாம் என்று முடிவு செய்திருப்பதால், சேர்ந்து வாசிக்கத்தக்க சிறுகதைகளையும் பரிந்துரைத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய கிராணி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் தோட்ட அலுவலகத்தில் சின்னக் கிராணியாக (இளநிலை எழுத்தராக) சேர்ந்து பெரிய கிராணியாக ஓய்வு பெற்றவன். என் தந்தை மரம் சீவியவர். ஆகையால் உங்கள் ஐயா நிற்கும் இடமும் எனக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து ஒரு படி மேலே ஏறியவனுக்கு என்ன நேர்கிறது என்பதும் தெரியும்.

இந்தக் கதைகளைப் புரிந்துகொள்ள முதலில் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். ரஷ்யாவில் மகா பீட்டர் 1722-ஆம் ஆண்டில் அரசுப் பணியாளர்களைப் பதினான்கு படிகளாகப் பிரித்து ஒரு பட்டியல் வெளியிட்டார். இன்ன படியில் இருப்பவரை இன்ன மரியாதைச் சொல்லால்தான் விளிக்க வேண்டும் என்ற அளவுக்கு அந்தப் பட்டியல் மனிதர்களின் வாழ்வுக்குள் இறங்கியது. நம் தோட்டங்களில் எழுதப்பட்ட பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. குன்றின் மேல் பெரிய துரையின் பங்களா, அதற்குக் கீழே சின்னத் துரையின் வீடு, பின்பு கிராணிமார் வீடுகள், அதற்கும் கீழே வேலையை மேற்பார்க்கும் தண்டல், கடைசியில் லயம் என்று நிலமே பட்டியலாக இருந்தது. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் குழந்தை நடக்கத் தொடங்கும்போதே தெரிந்துகொண்டுவிடும்.

கோகோல் 1842-இல் வெளியிட்ட ‘மேலங்கி’ கதையின் அக்காகி அக்காகியெவிச் அந்தப் பட்டியலில் ஒன்பதாம் படியில் இருப்பவர். காகிதங்களைப் பிரதி எடுக்கும் எழுத்தர். ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள். பழைய மேலங்கி நைந்து போய்விட்டது. தையற்காரன் இனி ஒட்டுப்போட முடியாது என்று சொல்லிவிடுகிறான். புதியதற்கு 80 ரூபிள் தேவை. அதற்காக அவர் மாலைத் தேநீரை நிறுத்துகிறார், இரவில் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை, காலணி தேயாமலிருக்க நடைபாதையில் நுனிக்காலில் நடக்கிறார். இதில் எந்த வேலை குறைவு? இவரை யாராவது உழைக்காதவர் என்று சொல்ல முடியுமா? வீட்டுக்குக் கூட வேலையைக் கொண்டுபோய்ச் செய்கிறவர் அவர். புதிய மேலங்கியை அணிந்த அன்றிரவே அது பறிக்கப்படுகிறது. முறையிடப் போன இடத்தில் ‘முக்கிய மனிதர்’ ஒருவர், யாரிடம் பேசுகிறாய் என்று தெரியுமா என்று அதட்டுகிறார். காய்ச்சலில் விழுந்து இறந்துபோகிறார். குளிரும் காய்ச்சலும் உடலைக் கொன்றன என்று சொல்லலாம். ஆனால் அந்த அதட்டல் இல்லாமல் அந்தக் காய்ச்சல் இல்லை என்பதைக் கோகோல் நமக்கு உணர்த்திவிடுகிறார்.

இருந்தாலும், உங்கள் கேள்விக்கு இன்னும் நேரான விடை செகாவ் 1883-இல் எழுதிய ‘ஓர் எழுத்தரின் மரணம்’ என்ற மிகச் சிறிய கதையில் இருக்கிறது. நாடக அரங்கில் செர்வியாகோவ் என்ற சிறு அதிகாரி தும்முகிறார். முன்வரிசையில் அமர்ந்திருந்த, வேறொரு துறையைச் சேர்ந்த தளபதியின் வழுக்கைத் தலையில் அது தெறிக்கிறது. தளபதி பரவாயில்லை என்கிறார். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் செர்வியாகோவ் மறுபடியும் மறுபடியும் போய் மன்னிப்புக் கேட்கிறார். கடைசியில் தளபதி பொறுமை இழந்து வெளியே போ என்று கத்துகிறார். வீட்டுக்கு வந்து, அலுவலக உடையைக் கழற்றாமலே படுத்து, இறந்துவிடுகிறார். பலரும் இதைச் சிரிக்க வைக்கும் கதை என்று சொல்கிறார்கள். என்னால் ஒரு நாளும் அதைப் படித்துச் சிரிக்க முடிந்ததில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில், துரையின் வண்டி எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்ற வழக்கம் எங்கள் தோட்டத்தில் இருந்தது. என் தந்தை அவ்வாறு இறங்கி நின்றவர். துரைமார் போய், தோட்டம் கைமாறி, நிருவாகியாக நம்மவரே வந்த பிறகும், பங்களாக் குன்று தெரியும் அந்த வளைவுக்கு வந்தவுடன் அவருடைய கால் தானாகவே மிதியை விட்டு இறங்கும். பாதையில் வண்டியும் இராது, மனிதரும் இரார். நான் கிராணியான பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன்: யாருக்காக இறங்குகிறீர்கள்? அவர் பதில் சொல்லவில்லை. இன்றுவரை அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக வருந்துகிறேன்.

வெளியிலிருந்து அழுத்தியது எப்போது உள்ளே குடிபுகுந்தது என்பதை அந்த மனிதனே அறிய மாட்டான். செர்வியாகோவைத் தளபதி மன்னித்துவிட்டார். செர்வியாகோவுக்குள் இருக்கும் தளபதி மன்னிக்கவில்லை. நோயா சமூகமா என்று நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்கிறீர்கள். அவை பிரியாத இடத்தில்தான் இந்த எழுத்தாளர்கள் வேலை செய்தார்கள் என்பது என் எண்ணம்.

செம்மண் சாலை

ஒரு சிறு குறிப்பு மட்டும். உங்கள் ஐயா கேட்ட கேள்வியை நாவலுக்குள்ளேயே பணிப்பெண் நஸ்தாஸ்யா கேட்டுவிடுகிறாள். முன்பெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரப் போவாய், இப்போது ஏன் ஒன்றும் செய்வதில்லை என்கிறாள். வேலை செய்கிறேன் என்கிறான் ரஸ்கோல்னிகோவ். என்ன வேலை என்றால், சிந்திக்கிறேன் என்கிறான். அவள் உடல் குலுங்கச் சிரிக்கிறாள். கிராமத்திலிருந்து வந்த உழைப்பாளிப் பெண்ணின் அந்தச் சிரிப்பை தஸ்தயெவ்ஸ்கி தெரிந்தேதான் அங்கே வைத்திருக்கிறார். ஆகவே ஐயா நாவலுக்கு எதிராகப் பேசவில்லை. நாவலுக்குள்ளிருந்துதான் பேசியிருக்கிறார் என்று அவரிடம் சொல்லுங்கள்.

செகாவின் தாத்தா பண்ணையடிமையாக இருந்து 1841-இல் பணம் கட்டித் தம் குடும்பத்தை மீட்டவர் என்பதையும் வட்டத்தில் சொல்லலாம். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1861-இல்தான். தாத்தாவின் விலை பேசப்பட்ட குடும்பத்தில் பிறந்தவருக்குக் குனிந்த முதுகைப் பற்றி யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை.

கம்பார் வாசகி

கிராணி ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அழுத்தம் எப்போதும் மேலிருந்துதான் வருகிறது என்ற எண்ணம் அதில் தங்கிவிடுமோ என்று அஞ்சுகிறேன். பெண்களாகிய எங்களுக்கு அது பெரும்பாலும் பக்கத்திலிருந்து வருகிறது: நம்மைப் போலவே கஷ்டப்படுகிற, அதே லயத்தில் அடுத்த கதவில் இருக்கிற, நமக்கு ஒரு துன்பம் என்றால் முதலில் ஓடி வருகிற மனிதர்களிடமிருந்து.

‘குற்றமும் தண்டனையும்’ நாவலில் குடியால் அழிந்த எழுத்தர் மர்மெலாதோவ் இறந்த பிறகு அவர் மனைவி காதரீனா இவானோவ்னா வைக்கும் துக்க விருந்தை உங்கள் வட்டத்தில் எப்படிப் படித்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். பலர் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை நாவலின் இதயம் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் மூன்று பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன. அவளுக்குக் காசநோய் முற்றிவிட்டது. அடக்கத்துக்கு என்று ரஸ்கோல்னிகோவ் கொடுத்த சுமார் இருபது ரூபிளில் ஏறக்குறைய பத்து ரூபிளை அவள் விருந்துக்குச் செலவழித்துவிடுகிறாள். ஏன் என்பதைக் கதைசொல்லி நின்று விளக்குகிறார்: மற்றவர்களைவிடத் தாழ்ந்துவிடக் கூடாது, அவர்கள் நம்மைக் குறையாக ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக ஏழைகள் தம் கடைசிச் சேமிப்பையும் சடங்குகளில் கரைக்கும் அந்தத் தன்மானம்தான் காரணமாக இருக்கலாம் என்கிறார்.

என் தந்தை இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. பதினாறாம் நாள் காரியத்துக்கு இருநூறு பேருக்குச் சமைத்தோம். அம்மா அதற்கு முன் மாதம்தான் கூட்டுப் (சீட்டுப்) பணத்தை ஏலம் எடுத்து என் அண்ணனின் தேர்வுக் கட்டணத்தைக் கட்டியிருந்தார். காரியத்துக்கு வட்டிக்கு வாங்கினார். வேண்டாம் அம்மா, வீட்டளவில் செய்துகொள்வோம் என்று அண்ணன் சொன்னபோது, “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்றார். அந்த நாலு பேரும் அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். வெங்காயம் நறுக்கிக்கொண்டும், என் தலையை வாரிவிட்டுக்கொண்டும், அம்மாவோடு சேர்ந்து அழுதுகொண்டும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. கடனை அடைக்க எங்களுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

காதரீனா இவானோவ்னாவின் விருந்து எப்படி முடிகிறது என்று நினைவிருக்கும். அவள் மதித்து அழைத்த கண்ணியமான குடியிருப்பாளர் எவரும் வரவில்லை. வீட்டுக்காரியோடு சண்டை. மர்மெலாதோவின் மகள் சோனியா மீது லூஷின் திருட்டுப் பழி சுமத்துகிறான்; அவளுக்குத் தெரியாமல் நூறு ரூபிள் நோட்டை அவள் பைக்குள் வைத்தவனே அவன்தான். அன்றே அவர்கள் அறையிலிருந்து வெளியேற்றப்படுகிறார்கள். காதரீனா பிள்ளைகளைத் தெருவில் ஆடவும் பாடவும் விடுகிறாள். அதற்கிடையிலும் பிரெஞ்சில் பாடுங்கள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்று அப்போதுதான் தெரியும் என்கிறாள். அன்று மாலையே இரத்தம் கக்கிச் சாகிறாள். இதைப் பைத்தியம் என்று சொன்னால், எங்கள் வீட்டில் நடந்ததற்கும் அதே பெயரை வைக்க வேண்டியிருக்கும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மரியாதை ஒன்றைத் தவிர எல்லாம் பறிபோனவளுக்கு அந்த மரியாதையே சோறாகவும் கூரையாகவும் ஆகிவிடுகிறது.

பணம் இருப்பவர்களுக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை என்பதற்கு தல்ஸ்தோயின் அன்னா கரேனினாவே போதும். பீட்டர்ஸ்பர்க் மேல்தட்டில் கணவன் அல்லாத ஒருவருடன் உறவு வைத்திருந்தவள் அன்னா மட்டுமல்லள். இளவரசி பெட்சியின் வரவேற்பறைக்கு எல்லோரும் போகிறார்கள். அன்னா அதை மறைக்கவில்லை என்பதுதான் அவர்களால் பொறுக்க முடியாதது. அவள் இசை நாடக அரங்குக்குச் செல்லும் இரவில், பக்கத்து இருக்கைப் பகுதியில் அமர்ந்திருந்த பெண், இவளருகே உட்காருவது அவமானம் என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். எவரும் கை ஓங்கவில்லை, சட்டம் எதுவும் குறுக்கே வரவில்லை. நிமிர்ந்த தலையோடு அவள் அமர்ந்திருப்பதை அவள் காதலன் வ்ரோன்ஸ்கி கீழே இருந்து பார்க்கிறான். அதன் பிறகு அவளுக்குள் நடப்பதெல்லாம், வ்ரோன்ஸ்கியின் ஒவ்வொரு தாமதத்தையும் சந்தேகிப்பது, தூக்கத்துக்கு அபினி மருந்து, ரயிலடியில் முடிவு, இவையெல்லாம் அந்த இருக்கையிலிருந்து தொடங்குவதாகவே நான் படிக்கிறேன்.

ஆசிரியை அவர்களே, உங்கள் அம்மாவின் வளையல் பற்றி எழுதியிருந்தீர்கள். அது மீட்கப்பட்டதா என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்த வளையலைப் பற்றி உங்கள் வட்டத்தில் பேசினீர்களா என்று மட்டும் கேட்கிறேன். ஐயாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய மறுமொழி அதில்தான் இருக்கிறது.

மனநலத் தாதி

நான் பேராக்கில் மனநலப் பிரிவில் தாதியாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி வருகிறேன். கதைமாந்தர்களுக்கு நோயின் பெயர் சூட்டும் வழக்கம் இப்போது இணையத்தில் பெருகியிருக்கிறது. அதை நான் விரும்புவதில்லை. பெயர் சூட்டியவுடன் நாம் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். அதற்காக நோய் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் சமூகத்தின் குற்றம் என்று சொல்லிவிடுவதும் தவறு. சிகிச்சை தேவைப்படும் ஒருவரைச் சமூகத்தைத் திருத்தும் வரை காத்திருக்கச் சொல்ல முடியாது.

உழைக்கிறவனுக்கு மனநோய் வராது என்ற உங்கள் ஐயாவின் சொல்லை நான் பணியில் பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் நோயாளியின் உறவினர்தான் அதைச் சொல்வார். சில நேரம் நோயாளியே சொல்வார். தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்கள் மனம் சரியில்லை என்று சொல்லி வருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலை கனக்கிறது என்று வருவார்கள். பேராக்கில் பிறந்த எவருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயர் எப்படிப் பயன்பட்டது என்று தெரியும். 1911-இல் அங்கே மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதன் பின் அந்த ஊரின் பெயரே பிள்ளைகளை மிரட்டவும் பக்கத்து வீட்டுக்காரரை ஏசவும் பயன்படும் சொல்லாகிவிட்டது. அப்படி ஒரு சொல் காத்திருக்கும்போது, என் மனம் வலிக்கிறது என்று யார் வாய் திறப்பார்?

மேலும், உழைத்தவர்களுக்குத் துயரம் இல்லை என்றால் மாலையில் தோட்டத்துக் கள்ளுக்கடை ஏன் நிறைந்தது, பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் ஏன் அத்தனை குடும்பங்களை அழித்தது என்று நாம் கேட்டாக வேண்டும். மர்மெலாதோவ் மதுக்கடையில் ரஸ்கோல்னிகோவிடம் பேசும் பேச்சை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அவரும் அக்காகியைப் போல ஒன்பதாம் படியைச் சேர்ந்த எழுத்தர்தான். இழந்த வேலை திரும்பக் கிடைத்து, வீட்டில் மனைவி முகம் மலர்ந்து, முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்த மறுநாளே அதில் மிஞ்சியதைப் பெட்டியிலிருந்து திருடிக்கொண்டு போய்க் குடிக்கிறார். மகள் சோனியா தன்னை விற்றுக் குடும்பத்தைக் காக்கிறாள். அவளிடமே போய் அவளிடம் மிஞ்சியிருந்த முப்பது கோபெக்கை வாங்கிக் குடித்திருக்கிறார். தம் இழிவை ஒன்று விடாமல் அந்நியனிடம் கொட்டுகிறார். போவதற்கு ஓர் இடமும் இல்லாமல் போவது என்றால் என்ன என்று உங்களுக்குப் புரிகிறதா என்று கேட்கிறார். நான் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டிருக்கிறேன். இரவுப் பணியில், அதிகாலை மூன்று மணிக்கு, ஏறக்குறைய அதே சொற்களில்.

தஸ்தயெவ்ஸ்கியின் தந்தை மாஸ்கோவில் ஏழைகளுக்கான மருத்துவமனையில் மருத்துவர், செகாவே மருத்துவர். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. துன்பப்படுகிறவரின் படுக்கை அருகில் நின்ற பழக்கம் அவர்கள் எழுத்தில் தெரிகிறது. செகாவ் 1892-இல் எழுதிய ‘ஆறாவது வார்டு’ குறுநாவலில் மருத்துவர் ராகின், துன்பம் என்பது வெறும் எண்ணம்தான், மனத்தால் அதை வெல்லலாம் என்று நோயாளி க்ரோமோவிடம் தத்துவம் பேசுகிறார். பிறகு அவரையே அதே வார்டில் அடைத்துவிடுகிறார்கள். நோயாளிகளை அடித்துவந்த காவலாள் நிகிதா அவரையும் அடிக்கிறான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மனிதர்கள் நாள்தோறும் இதே வலியைத்தான் பட்டிருக்கிறார்கள் என்பது அந்த இரவில்தான் அவருக்கு உறைக்கிறது. மறுநாள் இறந்துபோகிறார். எங்களோடு புதிதாகப் பணியில் சேர்கிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் உங்கள் வட்டத்துக்கு அடுத்த மாதமே இதை எடுக்காதீர்கள், கனம் தாங்காது.

சேர்ந்து வாசிக்க நான் பரிந்துரைப்பது செகாவ் 1886-இல் எழுதிய ‘துயரம்’. குதிரை வண்டி ஓட்டும் கிழவன் ஐயோனாவின் மகன் அந்த வாரம்தான் இறந்திருக்கிறான். பனி கொட்டும் இரவில் வண்டியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் சொல்ல முயல்கிறான், ஒருவரும் கேட்பதில்லை. மகன் எப்படி நோயுற்றான், என்ன சொன்னான், எப்படி இறந்தான், துணிகளை வாங்க மருத்துவமனைக்குப் போனது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே அவன் ஆசை. கடைசியில் கொட்டகைக்குப் போய்த் தன் குதிரையிடம் சொல்கிறான். ஏழெட்டுப் பக்கம்தான். சத்தமாக வாசியுங்கள். வாசித்து முடித்ததும் உடனே கருத்துக் கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

சுங்கை சிப்புட் ஆசிரியை

பதில் எழுதிய அனைவருக்கும் என் நன்றி. நேற்றுக் கூட்டம் நடந்தது. அதை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

‘துயரம்’ கதையை நான் வாசித்தேன். தாதி அம்மா சொன்னபடி முடித்த பிறகு பேசாமல் இருந்தேன். வெளியே மழை. சிறிது நேரம் கழித்து, கதையில் மகனின் துணிகளை வாங்கப் போன இடத்தை மறுபடி படிக்கும்படி ஐயா கேட்டார். படித்தேன். பிறகு, கண் தெரியாத அந்த இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் மரம் சீவும்போது அவரவர் நிரையில் தனித்தனியாகத்தான் இருப்போம் என்றும், அப்போது மரத்தோடு பேசிக்கொண்டே சீவுகிறவர்கள் இருந்தார்கள் என்றும், அதைக் கேட்டாலும் கேட்காதது போல அடுத்த நிரைக்காரர் விலகிப் போய்விடுவது வழக்கம் என்றும் சொன்னார். தாமும் பேசினாரா என்பதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கம்பார் அக்கா கேட்டதற்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன்: வளையலைப் பற்றி நேற்றுப் பேசினேன். அது மீட்கப்படவில்லை. அம்மா அவையில் இருந்தார். இத்தனை நாள் அது எனக்குத் தெரியாது என்றே அவர் நினைத்திருந்தார்.

ஆனால் ஐயா தம் கருத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். அக்காகிக்காகவும் ஐயோனாவுக்காகவும் வருந்துவதாகவும், காதரீனாவின் விருந்து தமக்கு முழுக்கப் புரிவதாகவும் சொல்லிவிட்டு, ரஸ்கோல்னிகோவிடம் திரும்பி வந்தார். அவன் பட்ட துன்பத்தைப் பற்றி மூன்று மாதங்களாக நாம் பேசியிருக்கிறோம். அந்த இரண்டாவது பெண்ணைப் பற்றி ஒருவராவது பேசினோமா என்று கேட்டார். அவர் கேட்டது அல்யோனாவின் தங்கை லிசவேதாவைப் பற்றி. முப்பத்தைந்து வயது, இரவும் பகலும் அக்காளுக்காக உழைத்து, சம்பாதிப்பதை அவளிடமே கொடுத்துவிட்டு, அடியும் வாங்கிக்கொண்டிருந்தவள். கொலை நடந்த நேரத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்த ஒரே காரணத்துக்காகச் சாகிறாள். கோடரி உயரும்போது முகத்தை மறைக்கக் கூட அவள் கை தூக்கவில்லை. இடக்கையை மட்டும் மெல்ல முன்னால் நீட்டுகிறாள். கிழவியைக் கொல்வதற்கு அவனிடம் ஒரு கோட்பாடு இருந்தது. இவளுக்கு அதில் இடமே இல்லை. கொன்ற பிறகும் அவன் கிழவியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். லிசவேதாவைத் தான் ஏன் நினைப்பதே இல்லை என்று அவனே ஓரிடத்தில் வியக்கிறான். சோனியா அவனுக்கு லாசரஸின் கதையை வாசித்துக் காட்டும் புதிய ஏற்பாடு லிசவேதா கொடுத்தது என்பதை நான் ஐயாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, “அந்தப் பெண் தன் மனத்தில் இருந்ததை யாரிடம் சொன்னாள் என்று புத்தகத்தில் எங்கேயாவது இருக்கிறதா?” என்றார்.

சோனியாவும் லிசவேதாவும் சேர்ந்து படித்தார்கள், பேசிக்கொண்டார்கள் என்று சோனியா கூறும் சில வரிகள் இருக்கின்றன. அதற்கு மேல் எனக்கு நினைவில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் நாவலை மறுபடி எடுத்து, அவள் பெயர் வரும் பக்கங்களை மட்டும் குறித்துக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது வேறு இடங்கள் தெரிந்தால் எழுதுங்கள்.